டிகிரி முடித்த பிறகு டாக்டர் ஆசை: ப்ரீ-மெட் பாடங்களை எங்கே படிப்பது?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. அமெரிக்காவில் பிறந்தவள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் முடித்து (மார்க் சராசரி, அதாவது ஜி.பி.ஏ., 4-க்கு 3.4) இரண்டு வருடமாக இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இப்போது வேலையை விட்டுவிட்டு மெடிசின் படிக்கப் போகிறேன் என்கிறாள். காலேஜ் முதல் வருடத்தில் ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர் எடுத்து சி பிளஸ் வாங்கியதோடு சயின்ஸ் பக்கமே போகவில்லை. ஹைஸ்கூலில் எடுத்த ஏ.பி. (காலேஜ் நிலைப் பாடம்) பயாலஜியில் மட்டும் 5-க்கு 5. 45 ஆயிரம் டாலர் ஆகும் ஒரு வருட போஸ்ட்-பேக் (டிகிரி முடித்தவர்களுக்கு ப்ரீ-மெட் பாடங்களை நடத்தும்) படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. கம்யூனிட்டி காலேஜே போதும் என்கிறார் என் கணவர். என் நாத்தனார் மகன் பயோமெடிக்கல் சயின்ஸ் மாஸ்டர்ஸ் செய்துதான் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்தான், அதையே இவளும் செய்யட்டும் என்கிறார்கள் அவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதலில் மாஸ்டர்ஸைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். நாத்தனார் மகனுக்கு அது பொருந்தியிருக்கும். மெடிக்கல் ஸ்கூலில் சேரக் கேட்கும் ப்ரீ-மெட் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டு, மார்க் மட்டும் குறைந்துபோனவர்களுக்கான படிப்பு அது. உங்கள் மகள் அந்தப் பாடங்களையே இன்னும் படிக்கவில்லை. தவிர, மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பங்களை வாங்கும் ஆம்காஸ், மாஸ்டர்ஸ் மார்க்கைத் தனியாகத்தான் காட்டும். அண்டர்கிராஜுவேட் 3.4 அப்படியே நிற்கும். டிகிரி முடித்த பிறகு எடுத்தாலும் அண்டர்கிராஜுவேட் நிலைப் பாடம் என்றால் பழைய ஜி.பி.ஏ.வோடு சேரும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் நான்கும் லேபோடு தலா 8 கிரெடிட், பயோகெமிஸ்ட்ரி 4. மொத்தம் 36. பழைய 120 கிரெடிட் 3.4-இல் இருக்க, இந்த 36-லும் ஏ வாங்கினால் மொத்தம் 3.54 ஆகும். பாதி ஏ, பாதி பி என்றால் 3.42, அதாவது அசையவே இல்லை. சயின்ஸ் பாடங்களுக்கு மட்டும் தனியாகப் போடும் சயின்ஸ் ஜி.பி.ஏ.வில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அதில் கணக்குப் பாடமும் சேரும் என்பதால், எகனாமிக்ஸுக்காக எடுத்த கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 8 கிரெடிட்டும் பி பிளஸ் என்று வைத்துக்கொள்வோம். பழைய சி பிளஸையும் சேர்த்து, எல்லாம் ஏ என்றால் 3.74, பாதிப் பாதி என்றால் 3.37. ஆகவே எந்த இடத்தில், எந்த வேகத்தில் படித்தால் ஏ வரும் என்பதுதான் பார்க்க வேண்டியது. காலேஜின் பெயர் அதற்குப் பிறகு.

வேகத்தை முடிவு செய்வது கெமிஸ்ட்ரி. ஜெனரல் 1, ஜெனரல் 2, ஆர்கானிக் 1, ஆர்கானிக் 2, பயோகெமிஸ்ட்ரி என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. ஐந்து செமஸ்டர். பயாலஜியும் பிசிக்ஸும் இதன் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் பொருந்திக்கொள்ளும். மகள் காட்டும் ஒரு வருடப் படிப்புகளில் ஜெனரல் கெமிஸ்ட்ரி முழுவதையும் கோடையிலேயே முடித்துவிட்டு, செப்டம்பரிலிருந்து ஆர்கானிக், பிசிக்ஸ், பயாலஜி மூன்றையும் லேபோடு சேர்த்து நடத்துவார்கள். பிரின் மார், கவுச்சர் என்ற காலேஜ்கள் இரண்டிலும் இதுதான் முறை. நல்ல படிப்புகள்தான். பேராசிரியர் கடிதங்களையெல்லாம் சேர்த்துக் கமிட்டி கடிதமாகத் தருவார்கள். சில மெடிக்கல் ஸ்கூல்களோடு, தங்கள் மாணவர்களை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும் லிங்கேஜ் ஒப்பந்தமும் உண்டு. லிங்கேஜில் இடம் கிடைத்தால் விண்ணப்பித்துவிட்டுச் சும்மா காத்திருக்கும் ஒரு வருடம் மிச்சம். ஆனால் ஒரே ஸ்கூலுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டும், நிபந்தனை மார்க்கும் எடுத்தாக வேண்டும். கெமிஸ்ட்ரியைத் தொட்டு ஆறு வருடம் ஆன, அதிலும் சி பிளஸ் வாங்கிய ஒருவர் எட்டுப் பத்து வாரத்தில் ஜெனரல் கெமிஸ்ட்ரியை விழுங்கிவிட்டு ஆர்கானிக்கில் உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே ஒரு செமஸ்டர் சறுக்கினால் 45 ஆயிரமும் போய், மார்க்கும் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும்.

என் யோசனை: நான்கு வருட மாநிலப் பல்கலைக்கழகம். வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். 2026 செப்டம்பரில் ஜெனரல் கெமிஸ்ட்ரி 1, ஜனவரியில் 2, செமஸ்டருக்கு ஒரு பாடம் மட்டும். லேப் பெரும்பாலும் வாரம் ஒரு நாள், 3 மணி நேரம். மாலை லேப் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். இரண்டிலும் ஏ வந்தால் 2027 மே மாதம் வேலையை விடலாம். அந்தக் கோடையில் பிசிக்ஸ், பிறகு ஒரு வருடம் ஆர்கானிக்கும் பயாலஜியும், 2028 செப்டம்பரில் பயோகெமிஸ்ட்ரி, 2029 ஏப்ரலுக்குள் எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு), ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பம், 2030-இல் மெடிக்கல் ஸ்கூல். ஒரு வருடப் படிப்பைவிடத் தாமதம்தான். அதற்குப் பதிலாக, கெமிஸ்ட்ரி சரிப்படவில்லை என்று தெரிந்தால் கையில் வேலை இருக்கும், செலவும் இரண்டு பாடத்தோடு நிற்கும். ஆர்கானிக்கை மட்டும் கோடையில் எடுக்க வேண்டாம். மெக்கானிசங்கள் மனதில் படியுமுன் அடுத்த தேர்வு வந்து நிற்கும். பிசிக்ஸ் கோடைக்குத் தாங்கும்.

சேரும்போது 'நான்-டிகிரி' மாணவராகச் சேர்வதா, இரண்டாவது டிகிரி மாணவராகவா என்று கேட்பார்கள். நான்-டிகிரி மாணவருக்குப் பல இடங்களில் பதிவு கடைசியில்தான் திறக்கும். அதற்குள் ஆர்கானிக் லேப் சீட் நிரம்பிவிடும். ஒரு செமஸ்டர் தவறினால் ஒரு வருடமே தவறிப்போகும். மத்திய அரசுக் கடனும் அவர்களுக்குக் குறைவு: மேற்படிப்புக்கு முன்தேவையான பாடங்கள் என்ற பெயரில், தொடர்ந்து 12 மாதத்துக்கு மட்டும், அதுவும் அரைநேர மாணவராகவாவது இருந்தால்தான். அவள் கம்பெனி கல்விச் செலவு தருகிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் தரலாம். வேலைக்குச் சம்பந்தமான பாடமாக இருக்க வேண்டும், பாதியில் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கலாம். இன்னொன்று: 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மெடிக்கல் மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் மத்திய அரசுக் கடன் கிடையாது; மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். இன்று மிச்சமாகும் 45 ஆயிரம் அன்று கை கொடுக்கும்.

உங்கள் கணவர் சொல்வதும் முழுத் தவறில்லை. சைக்காலஜி, சோஷியாலஜி போன்றவற்றைக் கம்யூனிட்டி காலேஜில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இவள் டிரான்ஸ்கிரிப்டில் சயின்ஸுக்குச் சாட்சி ஒரே ஒரு சி பிளஸ். அதை மாற்றிச் சொல்லும் மார்க் நான்கு வருடக் காலேஜிலிருந்து வருவதே பலம். ஆன்லைன் லேபும் வேண்டாம். ஏற்காத ஸ்கூல்கள் உண்டு.

அந்த சி பிளஸைத் திரும்ப எடுக்கலாமா? பொதுவாக சி பிளஸை யாரும் திரும்ப எடுக்கச் சொல்ல மாட்டார்கள், ஆம்காஸ் இரண்டு மார்க்கையுமே எண்ணும் என்பதால். இவள் விஷயத்தில் எடுக்கத்தான் வேண்டும் என்பேன். மோல் கணக்கும் ஆசிட்-பேஸும் மறந்த நிலையில் இரண்டாம் பாகத்துக்குப் போனால் அடுத்த நான்கும் ஆட்டம் காணும். சி வாங்கிய பாடத்தை மறுபடி எடுக்கச் சில பல்கலைக்கழகங்கள் விடாது, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.பி. பயாலஜி 5-ஐ நம்பிப் பயாலஜியை விட்டுவிட வேண்டாம். ஏ.பி.யை ஏற்காத ஸ்கூல்கள் இருக்கின்றன. ஏற்பவையும் பல நேரம் அதற்குமேல் ஒரு பயாலஜி பாடம் கேட்கும்.

இந்தியாவில் பி.எஸ்ஸி., பி.இ. முடித்து வந்தவர்களும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள். ஆம்காஸ் வெளிநாட்டு மார்க்கை ஜி.பி.ஏ.வில் சேர்ப்பதில்லை, அமெரிக்க, கனடா கல்லூரிக் கிரெடிட் கணிசமாக வேண்டும் என்று பல ஸ்கூல்கள் கேட்கும். அவர்களுக்கு இந்த 36 கிரெடிட் போதாது.

கடிதங்களை இப்போதே யோசிக்க வேண்டும். முன்னூறு பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கினாலும் பேராசிரியருக்கு முகம் தெரியாது. ஆர்கானிக் 1, 2 இரண்டையும் ஒரே பேராசிரியரிடம் எடுத்து, ஆஃபீஸ் அவர்ஸுக்குத் தவறாமல் போய், செமஸ்டர் முடிந்த ஒரு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். பணம் கட்டும் முன் பல்கலைக்கழக ப்ரீ-ஹெல்த் அட்வைசருக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள்: டிகிரி முடித்து வருபவருக்குக் கமிட்டி கடிதம் தருவீர்களா, அதற்கு எத்தனை கிரெடிட் இங்கே படித்திருக்க வேண்டும், பதிவு எந்தத் தேதியில் திறக்கும்.

ஆஸ்பத்திரி வாலன்டியர் வேலைக்கு மட்டும் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். தடுப்பூசிச் சான்று, டி.பி. டெஸ்ட், பின்னணிச் சோதனை எல்லாம் முடியச் சில வாரம் ஆகும். இந்த வாரமே விண்ணப்பம் போட்டால், கெமிஸ்ட்ரி தொடங்குமுன் வார இறுதி ஷிஃப்ட் ஒன்று கிடைத்துவிடும்.