லோரி வெளிச்சம் எங்கே விழுகிறது? வீட்டுக்கு வெளியே ஃபெங் சுயி: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) சுற்று வட்டாரத்துத் தாமான்களிலிருந்து, அதாவது வீடமைப்புப் பகுதிகளிலிருந்து. தோட்டத்து லயத்தை விட்டு டெரஸ் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெளிப்புறம் புதுத் தலைவலி. லயத்தில் முன்னால் திடல், பின்னால் காய்கறிப் பாத்தி. இங்கே இருபது அடி அகலத்துக்குள் கேட், கம்பம், லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் வந்து நிற்கிறார்கள்.

நேர் ரோடு வந்து எங்கள் வீட்டில் முட்டுகிறது. செம்பனைக் குலை லோரி இரவிலும் ஓடும். அம்மா பிள்ளையார் வைக்கச் சொல்கிறார். சீன நண்பர் கண்ணாடி மாட்டச் சொல்கிறார். எதைக் கேட்பது?

நம்மவர்கள் தெருக்குத்து என்பதைத்தான் சீனர்கள் வேகமாகப் பாய்ந்து வரும் கெட்ட ச்சி (உயிராற்றல்), அதாவது ‘ஷா’ என்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. வாஸ்துவில் திசை முக்கியம். வடகிழக்கை ஒட்டி வரும் குத்து நல்லது என்பார்கள். சீனர்களின் வாஸ்துவான ஃபெங் சுயி முதலில் பார்ப்பது ரோட்டின் நீளம், சரிவு, வாகனத்தின் வேகம். ரோடு வீட்டை நோக்கி இறங்கி வந்தால் மோசம். மழைத் தண்ணீரும் அதே வழியில்தான் வரும்.

எந்த இடத்தில் முட்டுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரவில் முன்பக்க விளக்கை அணைத்துவிட்டு, தலைவாசல் நடுவில் நில்லுங்கள். தூரத்தில் லோரி திரும்பி வரும்போது வெளிச்சம் முதலில் எதன்மேல் விழுகிறது? கார் நிறுத்தும் இடத்துத் தூண்மேல் விழுந்தால் பாதிப்பு குறைவு. கதவுக்குள் புகுந்து சாமி மேடை வரை போனால், அல்லது படுக்கையறைச் சன்னலில் விழுந்தால், வேலை இருக்கிறது.

வெளிச்சம் விழுகிற பகுதியில் மட்டும் கேட்டின் கீழ்ப்பாதியைத் தகடு வைத்து அடையுங்கள். மதில் ஓரமாகச் செம்பருத்தியை இரண்டு வரிசையாக, ஒன்றரை அடி இடைவெளியில், முதல் வரிசையின் சந்துக்கு நேராக இரண்டாவது வரிசைச் செடி வருவதுபோல் நடுங்கள். நாலரை அடியில் வெட்டி நிறுத்துங்கள். வெளிச்சத்தை மறைக்க அது போதும், காற்றும் தடைபடாது. நடுகிறவர்கள் செய்யும் தப்பு, உயரமாக வளரட்டும் என்று விட்டுவிடுவது. அடிப்பகுதி மொட்டையாகிவிடும், வெளிச்சம் அடிவழியே உள்ளே வந்துவிடும்.

பிள்ளையாரா கண்ணாடியா என்றால், சீனர்களுக்கும் இப்படி முட்டுகிற இடத்தில் நடும் ஒரு கல் உண்டு. ‘ஷி கான் டாங்’ என்று எழுத்துப் பொறித்திருக்கும். நம் தெருமுனைப் பிள்ளையார் செய்கிற அதே காவல் வேலை. அம்மா சொல்வதையே செய்யுங்கள். வைத்தால் தினமும் விளக்கேற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான். தடம் மாறிய லோரியைப் பிள்ளையாரிடமும் விட முடியாது. கண்ணாடியிடமும் விட முடியாது. ரோட்டின் கடைசியில் தடுப்புக் கம்பியும், அதற்கு முன்னால் வேகத்தடையும் கேட்டு நகராண்மைக் கழகத்துக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள்.

எதிர் வீட்டார் எங்களைப் பார்த்தாற்போல் பாகுவா கண்ணாடி (எட்டுக் கோணச் சட்டம் போட்டது) மாட்டியிருக்கிறார். நாங்களும் ஒன்று வாங்கி மாட்டலாமா?

வேண்டாம். இரண்டு வீடும் மாறி மாறி மாட்டிக்கொண்டே போனால் லாபம் கடைக்காரருக்குத்தான். முதலில் அது எந்தக் கண்ணாடி என்று பாருங்கள். நடுப்பகுதி வெளியே புடைத்திருந்தால் வருவதைச் சிதறடிக்கும். குழிந்திருந்தால் உள்ளே இழுக்கும். தட்டையாக இருந்தால் நேரே திருப்பி அனுப்பும். தட்டையானது மட்டும்தான் உங்களுக்குக் கொஞ்சம் தொல்லை. அதற்கும் வாசலுக்கு முன் இரண்டு தொட்டியில் அடர்ந்த செடி வைத்தால் போதும். அநேகமாக உங்கள் கூரையின் கூர்முனை அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். போய் ஒரு வார்த்தை கேளுங்கள், முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளியே மாட்டும் பாகுவாவில் மேலே மூன்று முழுக் கோடும், கீழே மூன்று உடைந்த கோடும் இருக்க வேண்டும். கடையில் விற்பதில் பல தவறாக அச்சடித்தவை, அல்லது வாங்கியவர் தலைகீழாக மாட்டியவை. வீட்டுக்குள் இதை மாட்டவே கூடாது.

கேட்டுக்கு நேர் எதிரே மின்கம்பம். தாமானுக்குப் பின்னால் பெரிய மின் கோபுரமும் இருக்கிறது.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பத்துக்கு, தலைவாசல் நடுவில் நின்று பாருங்கள். அது வாசலை இரண்டாகப் பிளப்பதுபோல் தெரிந்தால்தான் தோஷம். ஓரமாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிளந்தால் கேட்டின் நடந்துபோகும் கதவை இரண்டடி தள்ளி வையுங்கள். நீங்கள் நடக்கும் பாதை மாறினால் போதும். கம்பத்தில் ஆணி அடிப்பது, சிவப்புத் துணி கட்டுவது, இழுகம்பியில் துணி காயப்போடுவது எதுவும் கூடாது.

கோபுரத்தை ஃபெங் சுயியில் நெருப்பும் கூர்மையும் சேர்ந்ததாகப் பார்ப்பார்கள். அந்தப் பக்கச் சன்னலில் கனமான திரை போட்டு, அங்கே யாரும் தலைவைத்துப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடல்நலக் கவலை தனி விஷயம். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002இல் குறைந்த அலைவரிசைக் காந்தப் புலத்தை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. 2010இன் அனைத்துலக வழிகாட்டி, பொதுமக்களுக்கான வரம்பாக 200 மைக்ரோடெஸ்லா என்றது. கருவி வைத்து அளந்து பார்த்தால் மனக்குழப்பம் தீரும். மின்கம்பிக்கு அடியில் வீட்டை நீட்டிக் கட்டுவதுதான் நிஜமான ஆபத்து.

வாசலுக்கு முன் மாமரம். வெட்டலாமா?

சீன எழுத்தில் சதுரத்துக்குள் மரம் என்று வரைந்தால் ‘முடங்கிக் கிடத்தல்’ என்று பொருள். அதனால்தான் அவர்களுக்குக் குறுகிய முன்றிலில் மரம் என்றால் ஆகாது. நமக்கோ முன்னால் முருங்கை நின்றால் பேய் பயம். மாமரம் என்றால் தோரணம். மரம் கதவுக்கு நேராக இல்லாமல், கிளை கூரையைத் தொடாமல் இருந்தால் வெட்டாதீர்கள். பட்டுப்போன மரம் மட்டும் எந்தப் பக்கம் நின்றாலும் வேரோடு எடுக்க வேண்டும்.

பின்வேலிக்கு அப்பால் ஈயம் தோண்டிய பழைய குட்டை. பின்னால் தண்ணீர் இருந்தால் பணம் தங்காது என்கிறார்கள்.

இதில் விஷயம் நிறைய இருக்கிறது. ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். காற்றில் ச்சி கலைந்துபோகும், நீரைக் கண்டு நிற்கும் என்பது குவோ பூ (276–324) பெயரில் வழங்கும் பழைய பாடம். வீட்டுக்குப் பின்னால் மலை, முன்னால் திறந்த வெளி, அங்கே நீர் என்பது இலட்சண அமைப்பு. பின்னால் நீர் வந்தால் முதுகுச் சாய்மானம் போய்விட்டது என்று கணக்கு.

ஆனால் திசையையும் பார்க்க வேண்டும். ஃபெங் சுயியின் இருபதாண்டுக் கணக்கில் 2024 பிப்ரவரி முதல் 2043 வரை ஒன்பதாம் காலம். இந்த இருபதாண்டுக்கு வடக்கே நீர் இருப்பது நல்லது, தெற்கே உயரம் இருப்பது நல்லது. உங்கள் பின்பக்கம் வடக்கு என்றால் அமைப்பில் குறை, திசையில் நிறை. கவலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். தெற்கு என்றால் சாய்மானத்தைக் கட்டாயம் உருவாக்க வேண்டும். கரை வளைவையும் பாருங்கள். வில்லின் உட்பக்கம்போல் கரை வீட்டை அணைத்திருந்தால் நல்லது. வெளிப்பக்கம் வீட்டை நோக்கிப் புடைத்திருந்தால் அதுதான் மோசம்.

சாய்மானத்துக்குச் சிலர் அவசரப்பட்டு ஆறடி மதில் எழுப்புவார்கள். ஈயம் எடுத்த நிலம் மணலும் சேறும் கலந்த பொலபொலப்பு. ஆழமான அடித்தளம் இல்லாத மதில் சாயும். புதராக வளரும் மூங்கிலை, ஓடிப் பரவும் வகையை அல்ல, வேலியிலிருந்து நாலடி உள்ளே நடுங்கள். வேர் மண்ணைப் பிடிக்கும், மலைபோல் மறைவும் கிடைக்கும். அடியில் உதிர்ந்த இலையை வாரா வாரம் அள்ளாவிட்டால் எலி வரும், பின்னாலேயே பாம்பு வரும். பின்கதவைப் பிள்ளைகள் திறக்க முடியாதபடி பூட்டி வையுங்கள். குட்டைக் கரை திடீரென்று ஆழமாகும்.

கொசுவுக்குக் குட்டையைத் திட்டாதீர்கள். மீன் உள்ள நீரில் புழு பிழைக்காது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது உங்கள் பூந்தொட்டித் தட்டில், பழைய டயரில், அடைத்த கூரை மழைநீர் வாய்க்காலில். கவிழ்க்க முடியாத பாத்திரத்தில் 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் அபேட் மணல் (கொசுப்புழுக் கொல்லி) போடுங்கள்.

எதிரே காளியம்மன் கோயில். இருக்கலாமா?

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்றவர்கள்தான் கோயில் நிழல் வீட்டில் விழக் கூடாது என்றும் சொன்னார்கள். ஃபெங் சுயியும் சொல்வது அதேதான்: சன்னதியும் தலைவாசலும் நேருக்கு நேர் வேண்டாம். திருவிழா ஒலிபெருக்கி, கூட்டம், புகை எல்லாம் சேர்ந்து வீட்டின் அமைதியைக் கலைக்கும். நேராக இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள்.

வீட்டின் தெற்குப் பக்கம் லோங்காங் உடைந்துவிட்டது. 2026இல் தோண்டலாமா?

2026இல் கெடுதல் தருவதாகச் சொல்லும் ‘ஐந்து மஞ்சள்’ நட்சத்திரமும், ஆண்டுக் காவலரான தாய் சுயியும் தெற்கிலேயே இருக்கிறார்கள். தெற்கு என்பது வீட்டின் நடுவிலிருந்து 157.5 முதல் 202.5 டிகிரி வரை. கைப்பேசித் திசைகாட்டியைக் கிரில், கார் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பாகக் காட்டும். மூன்று இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள். நிஜமாகவே தெற்குதான் என்றால், அழகு வேலைகளை 2027 பிப்ரவரி 4க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடைந்த லோங்காங்கில் தேங்கும் சாக்கடையே பெரிய ஷா, அதைத் தள்ளிப்போட முடியாது. மண்வெட்டியை முதலில் கிழக்கு மூலையில் போட்டு, அங்கிருந்து தெற்கே தோண்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.