கழுவிய கிண்ணத்தை ஏன் மறுபடி துடைக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் கியோட்டோவில் ஒரு தேநீர்ச் சடங்குக்குப் போயிருந்தோம். நாலு பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற அறை. வாசலில் தவழ்ந்துதான் நுழைய முடிந்தது. சுத்தமாக இருந்த சாமான்களை எங்கள் எதிரிலேயே மறுபடி துடைத்தார்கள். எனக்கு வெறும் பாவனையாகப் பட்டது. இதில் நான் தவறவிட்டது என்ன?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

கால் மரத்துப்போன கோபம் கடிதத்தில் தெரிகிறது. நியாயம்தான்.

பாவனை இல்லை என்று சொல்ல மாட்டேன். பாத்திரங்களை எல்லாம் ‘மிசுயா’ என்ற பக்கத்து அறையில் கழுவித் தயாராகத்தான் வைத்திருப்பார்கள். உங்கள் எதிரில் பட்டுத் துணியை மடித்துத் துடைப்பது அழுக்குப் போவதற்காக அல்ல, நீங்கள் பார்ப்பதற்காக. அறை அவ்வளவு சின்னதாக இருப்பதும் அதற்குத்தான்.

வழக்கமான தேநீர் அறை நாலரைப் பாய் அளவு. பாய் என்றால் சுருட்டுகிற பாய் இல்லை, தரையாகவே பதித்த தடித்த தத்தாமி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் வெட்டிய குழியடுப்பு, மற்ற மாதங்களில் மேலே வைக்கிற கணப்பு. கெண்டி, தண்ணீர் ஜாடி, மூங்கில் அகப்பை எல்லாம் உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். எதை எங்கே வைப்பது என்பதற்குப் பாயின் கோரை வரிகளை எண்ணுவார்கள். நீர் கொதிக்கும் சத்தத்துக்குப் பெயர் ‘பைன் மரக் காற்று’. அந்தச் சத்தம் வருவதற்கென்றே கெண்டியின் அடியில் இரும்புத் துண்டுகளை ஒட்டுவதுண்டு. கல்யாண மண்டபத்தில் வைத்தால் இதெல்லாம் காதில் விழுமா?

பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ இதை இன்னும் சுருக்கினார். கியோட்டோவுக்குப் பக்கத்தில் யமசாகியில் உள்ள தாய்-ஆன் அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் அறை. உட்காரும் இடம் இரண்டே பாய், ஏறக்குறைய ஆறடிக்கு ஆறடி. அடுப்பு மூலையில் தூண் தெரியாதபடி மண் பூசியிருக்கிறார்கள், மூலை எங்கே முடிகிறது என்று கண் கணக்குப் போடாது. தவழும் வாசல் பொதுவாக இரண்டடிக்குச் சற்று அதிகம். சாமுராய் ஆனாலும் வாளை வெளியே மாட்டிவிட்டுக் குனிய வேண்டும். ரிக்யூவின் எஜமான், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி, தங்கத் தகடு போட்ட தேநீர் அறை வைத்திருந்தவர் என்பது தனி வேடிக்கை.

கடைசியில் தேநீர்த்தூள் டப்பாவையும் மூங்கில் கரண்டியையும் உங்களிடம் தந்தார்களா? பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்கு அதை விட்டுவிடுவார்கள். நீங்கள் தவறவிட்டது அதைத்தான். விருந்தினர் அவற்றைக் கையில் வாங்கி, தரையோடு குனிந்து பார்த்து, யார் செய்தது, பெயர் என்ன என்று விசாரிப்பது முறை. ஆமாம், கரண்டிக்குப் பெயர் உண்டு.

1591இல் ஹிதெயோஷி ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ளும்படி உத்தரவிட்டார். அதற்கு முன் ரிக்யூ செதுக்கிய கரண்டி ஒன்றின் பெயர் ‘கண்ணீர்’. அது சீடர் ஃபுருதா ஒரிபேயிடம் போனது. ஒரிபே அதற்கு ஓர் உறை செய்து, அதில் சின்ன ஜன்னல் ஒன்றை வெட்டினார். உறையை நிறுத்திவைத்து, ஜன்னல் வழியே கரண்டியைப் பார்த்துக் கும்பிடுவாராம்.