வலைப்பதிவைப் புதுப்பித்ததும் பழைய தமிழ்ப் பதிவுகள் ஏன் சிதைந்து தெரிகின்றன?

காரணம் குறியேற்றம். கணினி எழுத்தை அப்படியே சேமிப்பதில்லை, அதற்குரிய எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலே குறியேற்றம்.

1990களில் வந்த திஸ்கி (TSCII) என்ற தமிழ்க் குறியேற்றத்தில் 'அ'வின் எண் 171. இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடில் 2949. புதிய வடிவமைப்பு யூனிகோடுக்கானது என்பதால் 171ஐக் கண்டால் ஏதோ ஓர் ஐரோப்பிய மேற்கோள்குறியைக் காட்டும். கோயில் வாசலில் ஒரு கடையில் செருப்பை விட்டுவிட்டு, டோக்கனைப் பக்கத்துக் கடையில் நீட்டுவது போலத்தான். எண் சரி, வருவது வேறு யாருடைய செருப்போ.

அப்புறம், வரிசைச் சிக்கல். உண்மையில் உயிரை வாங்குவது இதுதான். 'கெ' என்பதில் திஸ்கி கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பை முதலில் சேமிக்கும், யூனிகோடு 'க'வை முதலில் வைக்கும். அதனால் எண்களை மட்டும் மாற்றினால் கொம்பு தப்பான எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வரிசையையும் சேர்த்து மாற்றும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் மூலப்பிரதியை அப்படியே பத்திரப்படுத்திவிடுங்கள். பல வருட எழுத்து அது.

எழுத்துருவை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய திஸ்கி எழுத்துரு உள்ள கணினியில் பதிவு படிக்கக் கிடைக்கலாம், ஆனால் மற்ற வாசகர்களுக்கும் தேடுபொறிக்கும் அது தமிழாகவே தெரியாது.