கிங் பின் புஷ்ஷுக்குக் கை ரீமரா, லேத் பட்டறையா?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் முன் ஆக்சிலில் மேலும் கீழுமாகப் புதுப் புஷ் (பின் சுழலும் வெண்கலக் குழல்) ஏற்றிவிட்டேன், கிங் பின் (முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் தண்டு) உள்ளே போகவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா, லேத் பட்டறையில் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்புத்தாளைத் தயவுசெய்து தொடாதீர்கள். துளையின் வட்டம் கெடும். உதிரும் துகள் வெண்கலத்தில் பதிந்துகொண்டு, பின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கிங் பின் நுழையாதது குறையும் அல்ல. அழுத்தி ஏற்றும்போது புஷ் சுருங்கும். ஏற்றிய பிறகு ரீமர் (துளையின் உட்புறத்தைச் சீவிப் பெரிதாக்கும் பல்வைத்த கருவி) விட்டு அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை. 1966 மாடலிலிருந்து முன்பக்கத்தில் கிங் பின்னுக்குப் பதிலாகப் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) வந்துவிட்டது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையிலிருந்து தப்பிக்க வழியில்லை.

என்னுடையது 1962 வண்டி. முதல் தடவை பட்டறையில்தான் கொடுத்தேன். மேல் புஷ்ஷை மேலிருந்தும், கீழ்ப் புஷ்ஷைக் கீழிருந்தும் தனித்தனியாக ரீமர் விட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பின் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டிலும் சேர்த்து விட்டால் கீழ்ப் புஷ்ஷின் விளிம்பில் முட்டி நின்றது. அளவு இரண்டிலும் சரி, நேர்கோடுதான் இல்லை. அப்படியே மாட்டினால் ஸ்டீயரிங் இறுகிவிடும். வளைவு முடிந்தபின் சக்கரம் தானாக நேருக்கு வராது.

ரீமர் தானாக வழி தேடாது, இருக்கிற துளையின் போக்கிலேயே போகும். அதனால் பைலட் தண்டு (பல்லுக்கு முன்னால் நீண்டு வழிகாட்டும் தண்டு) உள்ள கை ரீமரை வாங்கி நீங்களே விடுங்கள். பல் மேல் புஷ்ஷை வெட்டும்போது, தண்டு கீழ்ப் புஷ்ஷில் அமர்ந்து நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். புஷ்ஷுக்குள் நீளவாக்கில் கிரீஸ் காடி இருந்தால் நேர்ப்பல் ரீமர் அதில் தட்டித் தட்டி வரி விழுத்தும்; சுருள்பல் ரீமர் அதைத் தாண்டிப் போய்விடும்.

அளவு மாற்றும் ரீமரில் இரண்டு முனையிலும் நட்டு இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் தகடுகள் சரிவான காடியில் நகர்ந்து விட்டம் கூடும். ஒரு தடவைக்கு 0.02 அல்லது 0.03 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். ஸ்டப் ஆக்சிலை (புஷ் ஏறியிருக்கும், சக்கரம் மாட்டும் குட்டை அச்சை) வைஸில் பிடித்து, இரு கையாலும் ஒரே சீராகச் சுற்றுங்கள். வெளியே எடுக்கும்போதும் அதே திசைதான். பின்னோக்கிச் சுற்றினால் தூள் பல்லுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே சிக்கிக் கீறும், பல்லும் மழுங்கும். சரியாக வெட்டும்போது கைக்கு ஒரே மாதிரி இழுவை தெரியும், தூள் மாவு போல மினுங்கி விழும். கீச்சென்று சத்தம் வந்தால் அழுத்தாமல் நிறுத்தித் தூளைத் துடையுங்கள்.

ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் துளையைத் துடைத்துவிட்டு, பின்னில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் போட்டுப் பாருங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் அது இரண்டு புஷ்ஷையும் கடந்து போக வேண்டும், பக்கவாட்டில் துளிகூட ஆட்டம் இருக்கக்கூடாது. எனக்கு ஒரு பக்கத்துக்கு ஏழு தடவை ஆனது. கடைசி இரண்டு தடவை ரீமரின் அளவைக் கூட்டவே இல்லை, அதே அளவில் மறுபடி விட்டேன். அதிலேயே கொஞ்சம் வெட்டியது.

ஒன்று விட்டுப்போயிற்று. புஷ்ஷிலுள்ள கிரீஸ் துளை, கிரீஸ் ஏற்றும் நிப்பிளின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று ரீமர் விடுவதற்கு முன்பே மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். மாறி இருந்தால் அந்தப் புஷ்ஷைக் கழற்றிவிட்டு வேறு புதிது போடுங்கள்.