பண்டைய எகிப்தில் சாதாரணத் தொழிலாளியின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்கலாம்?

டெய்ர் எல்-மதீனாவில். அரசர்களின் பள்ளத்தாக்கில் எகிப்திய அரசர்களுக்குக் கல்லறை குடைந்தவர்களின் ஊர் அது. மதிலுக்குள் ஏறத்தாழ 68 வீடுகள். சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் அவர்கள் எழுதியவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. முதலில் அரசன் இரண்டாம் ராம்சேசின் 40-ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவைப் படியுங்கள். தேள் கொட்டியது, பீர் காய்ச்சியது, இறந்த தாயின் உடலுக்குத் துணி சுற்றியது என ஒவ்வொருவரும் வேலைக்கு வராததன் காரணம் ஆள்வாரியாக இருக்கிறது. எந்த அரசனின் கல்வெட்டும் இவ்வளவு நெருக்கமாகப் பேசாது.

கூலி தானியம்தான்: மாதம் சுமார் 300 லிட்டர் கோதுமை, 115 லிட்டர் வாற்கோதுமை. அது தாமதமானதால் மூன்றாம் ராம்சேசின் 29-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தமே நடந்தது.

இதை வைத்து எல்லா எகிப்தியரையும் எடைபோடாதீர்கள். இவர்கள் அரசுக் கைவினைஞர்கள். எழுத்தறிவும் இங்கே அதிகம். வறண்ட பாலை ஓரத்தில் இருந்ததால் ஊர் தப்பியது. உழவர்களின் மண்வீடுகள் பெரும்பாலும் நைல் வண்டலுக்கு அடியில் போய்விட்டன.