டிஜிட்டல் வருவதற்கு முன்பு கேமரா கடைகள் எப்படி இருந்தன? உங்கள் அனுபவம் என்ன?

நான் பார்த்து வளர்ந்த கடை திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடி மேசை, பின்னால் ஒரு கறுப்புத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் பிலிம் கழுவும் டார்க் ரூம். அவ்வளவுதான் கடை. கண்ணாடிக்குள் நாலைந்து கேமராக்கள் உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஒன்றையாவது யாரும் வாங்கிப் போய் நான் பார்த்ததில்லை. வியாபாரமெல்லாம் பிலிம் ரோல் விற்பதும், கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதும்தான். படியேறும்போதே, படம் கழுவும் ரசாயனமான ஹைப்போவின் புளித்த வாடை மூக்கில் ஏறும்.

1983இல் நான் பிளஸ் ஒன். வீட்டில் அப்பாவின் ஆக்ஃபா கிளிக் III இருந்தது. பரோடாவில் செய்த கேமரா. 120 என்கிற அகலமான ரோலில் சதுரமாகப் 12 படம் விழும். ஒரு படம் எடுத்ததும் குமிழைத் திருப்பி, முதுகில் இருக்கும் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வரும்வரை சுற்ற வேண்டும். சுற்ற மறந்தால் கேமரா தடுக்காது, அதே இடத்தில் இன்னொரு படத்தையும் வாங்கிக்கொள்ளும். அத்தை வீட்டுக் காதுகுத்தில் எனக்கு அதுதான் நடந்தது. பிரிண்டில் அத்தை மடியில் குழந்தை, குழந்தையின் தலைக்கு மேல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ்.

கடை அண்ணாச்சி அதைக் கவுண்டரில் வைத்து, நின்றவர்கள் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: “என்னடே, பஸ்ஸுக்கா காது குத்துனிய?”

அந்தப் பிரிண்டுக்கு மட்டும் காசு வாங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ரோல் கழுவி வந்தால் நெகட்டிவை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு கட்டமாக என்னைத் திட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. வெயிலில் நின்று ரோலைச் சுற்றும்போது வெளிச்சம் உள்ளே போய்ப் படம் கெடாமல் சிவப்பு ஜன்னலை உள்ளங்கையால் மறைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கேமராவோடு வந்த தாளில் அதெல்லாம் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தத் தாள் இல்லை.

கலர் அப்போது எங்கள் வசதிக்கு எட்டாது. கறுப்பு வெள்ளையில் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, இல்லாவிட்டால் ‘நம்ம ஊட்டி பிலிம்’ என்று அண்ணாச்சி சொல்லும் இந்து. அதைச் செய்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். பிரான்சின் தொழில்நுட்பத்தை வாங்கி, 1967இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். பிலிம் பூச்சுக்குத் தூசியும் ஆகாது, சூடும் ஆகாது. அதனால்தான் மலைமேல் தொழிற்சாலை. அந்த டப்பாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். அண்ணாச்சிக்கு அப்படி ஒன்றும் இல்லை. வந்தால் விற்பார், வராவிட்டால் ஆர்வோ.

பிறகு மாமா துபாயிலிருந்து யாஷிகா எலெக்ட்ரோ 35 என்ற 35 எம்எம் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடையின் நிஜமான வித்தையைப் பார்த்தேன். 35 எம்எம் ரோலைப் பெட்டியோடு வாங்கினால் விலை அதிகம். அண்ணாச்சி நூறடிச் சுருளாக வாங்கி, வெட்டி, பழைய டப்பிகளில் அடைத்து விற்பார். ஒரு சுருளில் 36 படம் விழுகிற ரோல் ஏறக்குறைய 18 கிடைக்கும். இந்த வேலைக்கென்று வெளிச்சம் புகாத ஒரு கறுப்புத் துணிப்பை, சட்டைக் கை மாதிரி இரண்டு கைகளோடு. சுருள், கத்தரிக்கோல், காலி டப்பி எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஜிப்பை மூடிவிட்டு, முழங்கைவரை நுழைத்துக்கொள்வார். பை மட்டும் மடியில் நெளியும். கண் ரோட்டில் இருக்கும். வாய் பக்கத்துக் கடைக்காரரோடு காங்கிரஸ் அரசியல் பேசிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு கணம் பேச்சு நிற்கும், பிலிம் நுனியை உருளையில் ஒட்டும் நேரம் அது. பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குறையும் சொல்ல வேண்டும். ஒரே டப்பியைத் திரும்பத் திரும்ப அடைத்தால் அதன் வாயில் இருக்கும் வெல்வெட்டில் தூசி ஏறி பிலிமைக் கீறிவிடும். அக்கா கல்யாண ரிசப்ஷனில் நான் எடுத்த ஒரு ரோல் முழுக்க, எல்லோர் நெற்றியையும் தாண்டி, தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு. அன்று நான் அவரைத் திட்டினேன். “வெலைக்கு ஏத்த மாதிரிதான தம்பி வரும்” என்றார். எனக்கு இன்றுவரை அந்தப் பதிலில் சம்மதமில்லை.

ஆனாலும் அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. எலெக்ட்ரோவுக்கு 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரி வேண்டும். அது செத்துவிட்டால் ஷட்டர் விநாடியில் 500இல் ஒரு பங்கு வேகத்தில் மட்டும்தான் அடிக்கும், வீட்டுக்குள் படம் விழாது. அந்த பேட்டரி எங்கள் ஊரில் எங்கேயும் இல்லை. அண்ணாச்சி நாலு பொத்தான் பேட்டரியை அடுக்கி, அட்டையைச் சுருட்டி உறை போட்டு, மிச்ச இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைத் திணித்தார். ஓடியது. பல வருஷம் அப்படியேதான் ஓடியது.

கல்யாண போட்டோகிராபர்கள் கதை தனி. தோளில் யாஷிகா 635 கேமரா, கையில் ஃபிளாஷ், முகூர்த்தத்துக்குப் போகிற வழியில் கடன் நோட்டில் எழுதிவிட்டு ஆறு ரோல் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தொண்ணூறுகளில் ஒரு மணி நேரக் கலர் லேப்கள் வந்ததும் அந்த நோட்டு மெலிந்தது. இப்போது அந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள்.

போன மாதம் பீரோவைக் காலி செய்யும்போது எலெக்ட்ரோ கிடைத்தது. படம் எண்ணும் கவுண்டர் 23இல் நிற்கிறது. ரீவைண்ட் குமிழைத் திருப்பினால் இறுகுகிறது, ஆக உள்ளே ரோல் இருக்கிறது. நான் எடுத்ததா, மாமா பையன் எடுத்ததா என்று நினைவில்லை. திருநெல்வேலி, மதுரைப் பக்கம் பழைய கறுப்பு வெள்ளை ரோலைப் பொறுமையாகக் கழுவிக் கொடுக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.