வீட்டில் முலாம் தொட்டி வைத்திருக்கும் மகன்: ஒரு தாயின் கவலைக்குப் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வீட்டில் கரைசலில் மின்சாரம் செலுத்திப் பொருள்களுக்கு நிக்கல் முலாம் பூசுவது ஆபத்தா? வீண் வேலையா? இதை நம்பி ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா? முதல் கேள்வி தீராமல் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை.

ஆபத்து உண்டு. நிக்கல் உப்பு தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது. அதன் தூசியையும் கரைசலிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளையும் சுவாசிப்பதில் புற்றுநோய் அபாயம் இருக்கிறது. அதனால் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். சமையல் பாத்திரம் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. சயனைடு கரைசலும் குரோமிக் அமிலமும் வீட்டுக்குள் வரவே கூடாது. பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல், அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். இதற்கெல்லாம் மகன் சம்மதிக்காவிட்டால் தொட்டியை மூடச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

சரி, அடுத்தது. "பூசுகிற நேரத்தை விடக் கரைசலைச் சோதிக்கிற நேரம்தான் அதிகம்" என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி. ஒரு சாவியை ஒருமுறை பளபளக்க வைக்கப் பலரால் முடியும். அதே கரைசலை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கத்தான் தனித் திறமை வேண்டும்.

அவன் வைத்திருப்பது அநேகமாக வாட்ஸ் கரைசல் என்ற நிக்கல் முலாம் கரைசல், 1916இல் வந்தது. நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் என்று மூன்று பொருள்கள். குளோரைடு, நேர்மின்வாயில் (மின்சாரத்தின் + முனையில் இணைத்த தகடு) உள்ள நிக்கல் தடையின்றிக் கரைய உதவும். போரிக் அமிலம், பொருளின் மேற்பரப்பை ஒட்டிய இடத்தில் பி.எச். (அமிலத்தன்மை குறையக் குறைய ஏறும் அளவு) ஏறாமல் பிடித்து நிறுத்தும். பி.எச். 4ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு ஹைட்ரஜனாகப் போய்விடுவதால், தொட்டி ஓட ஓட அது மெல்ல ஏறும். அப்போது நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இறக்க வேண்டும். ஆவியாகும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு பித்தளைத் துண்டு உள்ளே விழுந்து கிடந்தால் தாமிரம் கலந்து, பொருளின் மூலை முடுக்குகள் கறுக்கும். நெளித்த தகடு ஒன்றைத் தொங்கவிட்டுக் குறைந்த மின்னோட்டத்தில் பல மணி நேரம் ஓட்டினால் அந்தத் தாமிரம் தகட்டில் ஏறிவிடும். பூச்சில் ஊசிக்குத்துப் போலக் குழி விழுந்தால், ஒட்டிக்கொண்ட ஹைட்ரஜன் குமிழியா, எண்ணெய் மாதிரிக் கரிம அழுக்கா என்று பிரித்தறிய வேண்டும். அழுக்கு என்றால் அதை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூளான ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வடிகட்ட வேண்டும்.

அறிகுறியைப் பார்த்து, காரணங்களைச் சந்தேகித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது தொழிற்சாலை ஆய்வகத்தில் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை.

அவனிடம் குறிப்பேட்டைக் கேளுங்கள். தேதி, பி.எச்., வெப்பநிலை, சேர்த்த பொருள், கிடைத்த பூச்சு எல்லாம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் இது இப்போதைக்குப் பொழுதுபோக்குதான், அதை வைத்துப் படிப்பைத் தீர்மானிக்காதீர்கள். இருந்தால் அடுத்த வேலை கொடுங்கள். ஒரு ஆம்பியர்-மணிக்கு, அதாவது ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால், கணக்குப்படி சுமார் 1.1 கிராம் நிக்கல் படிய வேண்டும். பொருளை முன்னும் பின்னும் எடைபோட்டு, உண்மையில் எவ்வளவு படிந்தது என்று அவன் கணக்குப் போடட்டும். செலுத்திய மின்சாரத்தின் அளவுக்கு ஏற்பவே உலோகம் படியும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும் ஃபாரடே விதி இதுதான்.

படிப்பைப் பொறுத்தவரை, பள்ளி முடித்ததுமே முலாம் பூசுவதை மட்டும் சொல்லித்தரும் குறுகிய படிப்பில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வேதியியல், வேதிப்பொறியியல், உலோகவியல் மூன்றில் ஒன்று போதும். பாடத்திட்டத்தில் மின்வேதியியலும் அரிமானமும் (உலோகம் துருப்பிடித்து அரிப்பது) ஆய்வகத்தோடு இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மின்சுற்றுப் பலகைகளின் துளைகளுக்குள் தாமிரம் படிய வைப்பது இதே வேலைதான். ஐபிஎம் 1997இல் அறிவித்த தாமிரக் கம்பி கொண்ட கணினிச் சில்லுகளிலும் இதே முறை உண்டு. பேட்டரி ஆய்வு, துருப் பாதுகாப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று வழிகள் பல. அப்புறம், சேரும் முன் ஒரு முலாம் ஆலையை அவன் நேரில் பார்த்துவிடட்டும். அந்த ஈரமும் நெடியும் எல்லோருக்கும் ஒத்துவராது.

தேர்வு நெருங்கினால் தொட்டியை மூடி வைக்கச் சொல்லுங்கள், கரைசல் கெடாது. மறுபடி திறக்கும்போது அடியில் வெள்ளைப் படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் குளிரில் பிரிந்த போரிக் அமிலம், சூடாக்கினால் கரைந்துவிடும்.